காலி பண்ணக் குடுத்த காசு

– அதான் சொல்றேன் பச்சையப்பண்ணே, ஒழுகுதுன்னு ஓடு மாத்துனேன், வெள்ளையடிச்சேன், சாக்கட அடைப்பு எடுத்தேன். வூடு வித்த வரில ஒண்ணுகூட கழியாதாம்! வாடக வூட்டுக்கு ரிப்பேரு, அது வேற கணக்குன்னு ஆடிட்டர் ஒரே போடா போட்டுட்டாரு.

– இன்னா மொதலாளி, அநியாயமா கீது! சொந்த வூட்ட வித்ததுக்கு வரியா?

– வித்த லாபத்துக்கு. விக்கிறதுக்குன்னே பண்ண செலவத்தான் கழிப்பாங்களாம். புரோக்கர் கமிஷன் ஒண்ணு. அப்பறம் குடித்தனக்காரர காலி பண்ண வெக்க குடுத்த பணம். அதுக்குத்தான் வந்தேன். இதுல ஒரு கையெழுத்து போடு, ஜல்தியா கெளம்பறேன்.

– இன்னான்னு?

– ரெண்டு லட்சம் வாங்கிக்கினேன்னு.

– யாரு வாங்குனா?

– இன்னாண்ணே, ஜோக் அடிக்கிற? நீதான குடியிருந்த?

– பதினோரு வருசம் இருந்தேன். வாடக குடுத்தேன். உங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்கல. வரிக்காகப் பொய்க் கையெழுத்தா? நம்மகிட்ட நடக்காது.

– பொய்யா? இந்தக் கையால எண்ணிக் குடுத்தேண்ணே!

– அட போங்க மொதலாளி. தறிக்குழில பாம்பு வந்துச்சி, காலி பண்ணேன். அவ்ளோதான்.

– பாம்பா?

– குழில கால உட்டுகினு பொழுதுக்கும் நெய்யறவன் நானு. உள்ள நல்லபாம்பு கீதுன்னா குந்துவனா? பட்டுப்புடவை பாதில நிக்குது, அப்டியே தறியப் பிரிச்சி எடுத்துகினு இந்தக் கொசப்பாளையம் வந்தேன்.

– இரு, இரு. இத ஊர்ல யார்கிட்டனா சொன்னியா?

– யார்கிட்ட சொல்லல! டீக்கடைல சொன்னேன், நெசவு சொசைட்டில சொன்னேன், தேவிகாபுரம் பஸ்ல கூட...

– அடப்பாவி! வாங்க வந்தவன் பாம்பு வூடு, பாம்பு வூடுன்னு சொல்லியே ஒன்றர லட்சம் கொறச்சான்! எவனோ வயித்தெரிச்சல்ல கெளப்பி உட்டான்னு நெனச்சிகினு கீறேன். நீதானா அது?

– வந்த பாம்ப வரலன்னா சொல்லுவாங்க?

– உன் கண்ணால பாத்தியா?

– நான் பாக்கல. அபிதகுசாம்பா பாத்தா. கத்திகினே தெருவுக்கு ஓடியாந்தாளே!

– யாரு... அண்ணியா?

– ஏன் மொதலாளி மூஞ்சி இப்டி மாறுது?

– அண்ணே, அந்தப் பணத்த நான் அண்ணி கையிலதான் குடுத்தேன்.

– இன்னாது? ஏய் அபிதா! அடுப்ப அணைச்சிட்டு இங்க வா!

– வந்துகினுதான கீறேன், கத்தாதீங்க. வாங்க தம்பி, காபி போடட்டா?

– காபி கெடக்கட்டும்டி. தறிக்குழில பாம்பப் பாத்தியா நீ?

– இல்ல.

– இல்லியா!

– பாம்பும் இல்ல, பூரானும் இல்ல.

– ஐயோ அண்ணி! என் ஒன்றர லட்சம்!

– செத்த சும்மா இருங்க தம்பி. இவரு அந்தக் குழிய உட்டு வரமாட்டேன்னு சத்தியம் பண்ண ஆளு. காசு வாங்கிகினு காலி பண்றது பிச்சைன்னு உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னவரு. இவரு பயப்படறது பாம்பு ஒண்ணுக்குத்தான்.

– மானத்த வித்துட்டியேடி! இன்னிக்கும் அந்தத் தெருவுல போவசொல்ல பாம்பு கீதான்னு தரையப் பாத்துகினு போறேன். எல்லாம் நாடகமா? எப்ப வாங்குன?

– நீங்க நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரில நெனவில்லாம படுத்திருந்தப்போ.

– அந்த நேரத்துலயா? நான் சாவக் கெடக்கறேன், உனக்குக் காசு கேக்குதா? கழுத்துல புதுசா ஒண்ணும் காணோம். உன் தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டியா?

– இல்ல.

– அப்ப எங்கடி போச்சி? ஆஸ்பத்திரிச் செலவுதான் இன்சூரன்ஸ் கார்டுலயே முடிஞ்சிடுச்சின்னியே!

– முடியலிங்க. அந்தக் கார்டு அங்க செல்லல. ரெண்டு லட்சமும் உங்க நெஞ்சுக்குள்ளதான் துடிச்சிகினு கீது.