கோபால்ட் இல்லாத முனை

புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் எங்கள் கம்பெனி ஆட்களைக் காரில் ஏற்றிக்கொள்வது என் வழக்கம், மேடம். சாம்சன் பழக்கமானது அப்படித்தான். கிரைண்டிங் ஷெட்டில் வேலை. முன் சீட்டில் உட்காரக் கூச்சப்படுவார், நான்தான் வற்புறுத்துவேன்.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் செய்வது லேத்தில் இரும்பைச் சீவும் சின்னச் சின்ன முனைகள். அவற்றைச் செய்யும் கடினமான பொடியை ஒட்டவைக்கக் கோபால்ட் என்ற உலோகத்தைச் சேர்ப்போம். முனையைத் தீட்டும்போது அது தூசாகப் பறக்கும். அளவுக்கு மேல் உள்ளே போனால் நுரையீரல் இறுகிவிடும். அதை மண்ணிலிருந்து தோண்டுகிறவர்கள் படும் பாடு தனி. ஆராய்ச்சிப் பிரிவு என் பொறுப்பு. கோபால்ட்டை எடுத்துவிட்டு, ஒரு இரும்புக் கலவையை வைத்து முனை செய்தேன். பழையதற்குச் சமமாக உழைத்தது. என் மனைவி கல்பனா என்னை விட்டுப் போனது அந்த வருடங்களில்தான். அது வேறு கதை.

என் கலவைக்கு மாறிவிடலாம் என்று எவ்வளவு சொல்லியும் எம்.டி. பூவராகவன் அசையவில்லை. "தூசு இழுக்குற ஃபேன் ஓடிக்கினுதானே இருக்குது அன்புராஜ்? ரீடிங்கும் சரியா இருக்குது. யாருக்குய்யா இன்னா ஆச்சு?"

நியாயமான கேள்வி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சிக்கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாதபோது, ஷெட்டின் தூசுக் குழாயைக் கழற்றி உள்ளே ஒரு தகட்டை வைத்தேன். முழுக்க அடைக்கவில்லை. ஃபேன் சத்தம் அப்படியே இருக்கும். இழுப்பு மட்டும் குறையும். தூசை அளக்கிற வேலையும் என்னிடமே இருந்ததால் பழைய அளவுகளையே சொல்லிவந்தேன்.

சாம்சன்தான் முதலில் கண்டுபிடித்தார். "சார், ஃபேனு சத்தம்தான் போடுது, இழுக்கவே மாட்டுது. மூக்கு சிந்துனா கரேல்னு வருது."

"புது ஃபில்டர் சொல்லியிருக்கேன், வந்துடும்" என்றேன். நம்பினார்.

பிறகு காரில் வரும்போது இருமத் தொடங்கினார். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவேன். ஸ்கேனுக்கு நானே அழைத்துப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். படத்தில் நுரையீரல் பனி படிந்த கண்ணாடிபோல மங்கியிருந்தது. தெளிவான படம். அதைவிடத் தெளிவாக யாராலும் எம்.டி.க்கு விளக்கியிருக்க முடியாது.

அன்றே தகட்டை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஒருவருக்கு வந்தால் பீடி என்று சொல்லிவிடுவார்கள், மேடம். அதே ஷெட்டில் வேலை செய்த லோகுவுக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் சாம்சன் இறந்தார். அடக்கத்தின்போது அவர் மனைவி ஜெனிபர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி யாரு சார் பாத்துக்கினாங்க? கடேசி வரைக்கும் உங்க பேரத்தான் சொல்லிக்கினு இருந்தாரு." நான் அழுதேன். அது நடிப்பில்லை.

அந்த வாரமே எம்.டி. ஒப்புக்கொண்டார். கோபால்ட் நின்றது, என் கலவைக்கென்று புது ஷெட் கட்டினார்கள். மழைக்காலம் முடிந்து பழைய ஷெட்டைப் பிரித்தபோது தகடு கிடைத்தது; என்னை இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்துவந்துவிட்டீர்கள். கொன்றது நீதானா என்று நேராகக் கேட்டீர்கள். ஆமாம், சாம்சனை நான்தான் கொன்றேன். லோகுவும் தேற மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புது ஷெட்டில் ஜெனிபருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அங்கே உள்ள குழாயையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு தகடு இருக்கிறது. என் கலவையின் தூசு யாரையும் ஒன்றும் செய்யாது என்று நிரூபிக்க வேண்டாமா?

ஜெனிபருக்கு இதுவரை ஒரு இருமல்கூட வரவில்லை, மேடம். மனிதர்களைக் காப்பாற்றத்தான் நான் இதையெல்லாம் செய்தேன் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?