தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வந்தவர்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆலய நிர்வாகத்தினரே, தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து டவுனில் குடியேறினாலும் இன்று லீவு போட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் என் மக்களே, வணக்கம். நாம் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி விஜயராணியோடு ஒரே கிளினிக்கில் வேலை பார்த்த தாதி நவமணி நான். அழக்கூடாது என்றுதான் மைக்கைப் பிடித்தேன். முடியவில்லை.

விஜயராணி மிஸ்ஸி! இந்தக் கோலசிலாங்கூர் தோட்டப்புறத்தில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் உண்டா? அந்தத் திட்டுக்காக இன்று ஏங்காத ஆள்தான் உண்டா?

அவர் கணவர், அண்ணன் சேது, முன்வரிசையில் இருக்கிறார். போன மாதம் அவருக்கு டிங்கி, அந்தக் கொசுக் காய்ச்சல். கண்விழித்துப் பார்த்துத் தேற்றிய மிஸ்ஸியை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. அண்ணன் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அவரை இனி யார் பார்ப்பது? அதைக் கேட்கத்தான் எழுந்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை இறங்கினால் வேப்பிலை, மஞ்சள் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். டிங்கிக்கும் அதையே செய்தோம். தண்ணீர் ஊற்றியாயிற்றா, நோய் முடிந்தது, வேலைக்குப் போ! அப்புறமும் ஒருவன் சுருண்டு கிடந்தால் சோம்பேறி என்போம், இல்லை காத்து கருப்பு என்று கயிறு கட்டுவோம்.

மீன் லோரி ஓட்டும் மகேந்திரன் இங்கேதான் இருக்கிறார். கோவிச்சுக்காதே தம்பி, நீதான் சொல்லச் சொன்னாய். டிங்கியிலிருந்து தேறியவர் லோரிச் சாவியைத் தொடவில்லை. மிஸ்ஸியும் நானும் போனோம்.

“காய்ச்சலு தண்ணியோட போயிடுச்சே மிஸ்ஸி, இது நடிப்பு லா!” என்றாள் மனைவி.

“ஒடம்புச் சூடு போச்சு. மனசு எந்திரிச்சுச்சான்னு பார்த்தியா? வைரஸ் காய்ச்சலு வந்த சில பேருக்கு மனசும் சோர்ந்து போவும், பயம் புடிக்கும். அதுவும் சீக்குதான். போய் மைலோ கலக்கு, வாய மூடிக்கிட்டுக் கலக்கு!”

அவளைத் திட்டிவிட்டு மிஸ்ஸி மகேந்திரனைக் கேட்டார்: “தூக்கம் வருதாய்யா? நெஞ்சு படபடங்குதா? அழுவ வருதா?”

குலுங்கிக் குலுங்கி அழுதார் மகேந்திரன். அழுது முடியும் வரை மிஸ்ஸி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவர்தான். கோவிட்டுக்குப் பிறகு எத்தனை கதவுகளை அப்படித் தட்டினார்!

ஆகா, அந்த நாட்கள்! செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய மோட்டார் சைக்கிளில் அவர் ஓட்டிய ஓட்டம்! “புடிச்சுக்கடி, பள்ளம்!” என்பார், பள்ளத்தில் இறங்கிய பிறகு. இன்னொரு தடவை அந்தப் பின்சீட்டு எனக்குக் கிடைக்குமா?

அண்ணனுக்கு வந்திருப்பது பெண்டாட்டி போன துக்கம் என்று விட்டுவிடலாமா? துக்கந்தான். காய்ச்சலின் மிச்சமும் இருக்கலாம். போய்க் கேட்டால்தானே தெரியும்! மிஸ்ஸி விட்ட வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இது இந்தச் சபையறிய நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணே, நாளைக் காலையில் மகேந்திரனும் நானும் வருவோம். அழுதால் அழுங்கள். பேசாவிட்டால் சும்மா இருங்கள். கதவை மட்டும் தாழ் போடாதீர்கள்.