திமிங்கலம் மீன் அல்ல

– மனிதகுலம் கண்டுபிடிச்ச எந்தக் கம்ப்யூட்டரும் என் முன்னால மெதுவா ஓடினதா சரித்திரம் கிடையாதுக்கா. நகரு, நான் பாக்கிறேன்.

– நகர்றேன்டா தம்பி. முதல்ல இதைக் கேளு. காலையில நான் படிச்சுப் பதிவு பண்ணின பாடம்.

– போடு… "திமிங்கலம் மீன்." ஏன்க்கா, விலங்கியல் படிச்சவதானே நீ?

– நான் "திமிங்கலம் மீன் அல்ல"ன்னுதான் படிச்சேன். "அல்ல"வை இது முழுங்கிடுச்சு. அடுத்த வரியையும் கேளு.

– "வௌவால் பறவை." அட, அதுலயும் போச்சா.

– ஹார்ட் டிஸ்க் திணறும்போதெல்லாம் பதிவு அறுந்து போகுது. வேற வார்த்தை போனா பிள்ளைங்க எப்படியோ புரிஞ்சுக்குவாங்க. "அல்ல" போனா பாடமே தலைகீழ்.

– அந்த விடுதிப் பிள்ளைங்களுக்கா?

– ஆமா. கண்ணு தெரியாத பிள்ளைங்க. பிரெயில் புத்தகம் இன்னும் அச்சாகி வரல, இந்த வருஷம் அவங்களுக்குப் புத்தகமே என் குரல்தான். நாளைக்குக் காலையில பரீட்சை. சாயங்காலத்துக்குள்ள ஏழாம் பாடம் போய்ச் சேரணும். திரும்பத் திரும்பப் படிச்சு என் தொண்டையே போச்சு.

– அதான் தவளை மாதிரி பேசுறியா. நான் ஏதோ புதுப் பாடத்துக்கு நடிச்சுப் பாக்கிறேன்னு நெனச்சேன்.

– வேலையைப் பாருடா.

– பாக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். சுவரைப் பாத்து ராகம் போட்டுப் படிக்கிறதுக்கெல்லாம் ஒரு தனி மனசு வேணும்க்கா. "திமிங்கலம் மீன்…" அப்படியே எழுந்து போய் முகம் கழுவிட்டு வரலாம், "…அல்ல." என் உயிரே போனாலும் பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க மாட்டேன். சொந்தப் பரீட்சைக்கே மனசுக்குள்ளகூட படிக்காதவன் நான்.

– அந்த இடைவெளி எதுக்குன்னு தெரியுமா? நீ ஒரு வார்த்தையை விட்டுட்டா கண்ணைத் திருப்பிப் பாத்துக்குவ. கேக்கிறவங்களுக்கு அது முடியாது. கடைசியில ஏதோ வரப் போகுதுன்னு காது காத்திருக்கணும். அதுக்குத்தான்.

– சரி, சரி. நோயாளியைப் பாப்போம். உள்ள என்னென்ன ஓடுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜரைத் திறந்தாச்சு. பாத்தியா, டிஸ்க்குக்கு நூறு சதவீதம் வேலை. நீ கொடுத்த வேலை ஒண்ணு. உள்ள ஒரு ஊர்வலமே போய்க்கிட்டிருக்கு.

– யாரெல்லாம் போறாங்க?

– முதல்ல தேடலுக்குப் பட்டியல் போடுறது. என்னைக்காவது நீ ஒண்ணைத் தேடினா சட்டுனு எடுத்துக் குடுக்கணும்னு எல்லா ஃபைலையும் உருட்டிக்கிட்டிருக்கு.

– நான் எதையும் தேடுறதே இல்லையே. எல்லாம் முன் திரையிலேயே கிடக்கும்.

– அந்தத் திரையைப் பாக்கிற தைரியம் எனக்கில்லை. இதை நிறுத்தியாச்சு. அடுத்தது வைரஸ் சோதனை. இது நமக்கு வேணும், ஒழிக்கக் கூடாது. நீ சாப்பிடப் போற நேரத்துக்குத் தள்ளி வைக்கிறேன். இது என்ன, ஏதோ போட்டோ இணையத்துக்கு ஏறிக்கிட்டே இருக்கு?

– பெரியப்பா வீடு கட்டினப்ப எடுத்தது. செங்கல் செங்கலா எடுத்திருக்காரு.

– நிறுத்தி வைக்கிறேன். செங்கல் நாளைக்கும் செங்கலாத்தான் இருக்கும்.

– கொறஞ்சுதா?

– தொண்ணூத்தெட்டு.

– சரித்திரம் கிடையாதுன்னியே.

– பொறுக்கா, விட மாட்டேன். இதோ மாட்டிக்கிட்டாங்க, மூணு பேர். "வேகராஜா", "டிஸ்க் தோழன்", "மின்னல் பிளஸ்". பேரைப் பாரு. ஒண்ணு குப்பை பெருக்குது. இன்னொண்ணு அது ஒழுங்கா பெருக்குச்சான்னு சோதிக்குது. ரெண்டும் கலைச்சு வைக்கிற ஃபைலை மூணாவது மறுபடி அடுக்குது. கம்ப்யூட்டரை வேகமாக்குறேன்னு சொல்லிட்டு நாள் பூரா டிஸ்க்கைப் போட்டுக் கடையுதுங்க. எந்த அறிவாளி இதையெல்லாம்…

– எப்ப போட்டதுன்னு தேதி இருக்கும் பாரு.

– இருக்கு. போன மாசம்.

– போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து, "அக்கா, இனிமே உன் கம்ப்யூட்டர் பறக்கும்"னு சொன்னது யாரு?

– பறந்துச்சுதானே. வௌவால் மாதிரி. பறவை அல்ல.

– டேய், சிரிக்க வைக்காதே. தொண்டை வலிக்குது.

– நீக்குறேன். மூணையும் வேரோட. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானா எழுந்து வர்ற கூட்டம் இருக்கே, அதுலயும் வேண்டாததை அணைச்சு வைக்கிறேன். இப்ப ஒரு தடவை அணைச்சுப் போடுவோம்.

– டிஸ்க்குல வந்துக்கிட்டிருந்த கரகர சத்தம் நின்னுடுச்சே.

– நாலு சதவீதம். மைக்கைப் போடுக்கா, படி. இனிமே ஒரு எழுத்து அறுந்தா என்னைக் கேளு.

– திமி… திமிங்…

– தண்ணி குடிச்சிட்டு வா.

– குடிச்சாச்சு. திமிங்… வரலடா. காத்துதான் வருது.

– அம்மா வந்து படிக்கட்டுமே?

– அம்மா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள விடுதியில விளக்கணைச்சிடுவாங்க.

– அப்ப கம்ப்யூட்டரையே படிக்க வைப்போம். எந்திரக் குரல்ல.

– ஒரு தடவை அனுப்பினேன். "இவரு பாடம் நடத்துறாரா, எங்களைத் திட்டுறாரா"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. விடு, பாதிப் பாடம்தான் பதிவாச்சுன்னு எழுதி, இருக்கிறதை அனுப்பிடறேன்.

– பாதியா? திமிங்கலம் மீனுன்னு எழுதிட்டு வருவாங்களே.

– என்னை என்னடா பண்ணச் சொல்ற?

– கதவைச் சாத்து.

– எதுக்கு?

– ஃபேனையும் நிறுத்து, சத்தம் விழும். புத்தகத்தை இப்படிக் குடு. உனக்கு இருமல் வந்தா வெளிய போய் இருமணும், பின்னணியில எதுவும் ஓடக் கூடாது. அப்புறம், இதை என் காலேஜ்ல யார்கிட்டயாவது சொன்னா நான் உனக்குத் தம்பியே கிடையாது.

– சொல்ல மாட்டேன். மெதுவா படி.

– உஷ்ஷ். பதிவு ஓடுது… ஏழாம் பாடம். பாலூட்டிகள். திமிங்கலம் மீன்… … … அல்ல.