பூட்டுக்காரி தண்ணீருக்குள் இருந்தாள்

வியாழக்கிழமை காலை 10.47 மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. என் பெயர் ரீஸ் ஹெய்ன்ரிச், வயது 31, போர்ட் அடிலெய்டை அடுத்த செமஃபோரில் குடியிருக்கிறேன். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன். இறந்துபோன டானிட்சா என் மனைவி, வயது 29, ஆற்றுக்கடியில் வேலை செய்பவள்.

ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த பழைய அனல்மின் நிலையத்தை அடுக்குமாடி வீடுகளாக மாற்றும் இடத்தில் அவளுக்கு வேலை. எந்திரங்களைக் குளிர்விக்க அந்தக் காலத்தில் ஆற்றுநீரை இழுத்த சுரங்கத்தை இடிக்காமல் வைத்து, புது பம்பு பொருத்தி, விற்பனை அலுவலகத்தின் முன்னால் அலங்கார ஓடை விட்டிருக்கிறார்கள். சுரங்க வாயில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட, கம்பி வலையைக் கழற்றிவிட்டு அவள் இறங்கியிருந்தாள்.

தண்ணீரில் இறங்குபவர் பம்பு சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பூட்டில் அவர் படமும் இரண்டு போன் எண்களும் உள்ள சிவப்பு அட்டை தொங்கும். ஒன்று அவருடையது, மற்றது வீட்டாருடையது. அவர் மறந்துபோய் வீட்டுக்குக் கிளம்பியது உறுதியானால் மட்டுமே பிறர் அதை வெட்டலாம். போன மாதம் டானிட்சா அப்படி ஒருமுறை மறந்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்தாள். அதை வைத்து எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள்.

அன்று நான் வேறு கட்டடத்தில் மின்பலகையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குச் சற்று முன் ஆற்றங்கரை வேலையின் மேலாளர் கிராண்ட் மேஹ்யூ கூப்பிட்டார். இரண்டு கையிலும் மீட்டர் ஒயர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் வெண்டி ஓகிரேடி இருந்தார்.

"என்னப்பா ரீஸ், உன் வீட்டுக்காரி மறுபடியும் பூட்டைத் தொங்கவிட்டுட்டுக் கிளம்பிட்டாளா? போனையும் எடுக்கல. வீடு வாங்க ஆளுங்க வந்து நிக்கிறாங்க, ஓடை காஞ்சு கெடக்கு."

நான் சொன்னது இது: "இல்ல கிராண்ட், அவ தண்ணிக்குள்ள இருக்கா. டாம்கிட்ட கேளுங்க."

"தண்ணிலயே குடும்பம் நடத்துறாப்பா அவ" என்று சிரித்தார். வெண்டியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டாம் நூனன் மேலிருந்து அவளுடைய காற்றுக் குழாயைப் பிடித்திருப்பவர். அவர்கள் வேனும், தண்ணீருக்குள் ஆள் இருப்பதைக் காட்டும் கொடியும் விளம்பரத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தன. தட்டியில் அந்தக் கால நிலக்கரித் தொழிலாளர் படமும், 'ஆற்றோடு வாழுங்கள்' என்ற வாசகமும் உள்ளன. யாரும் தட்டியைச் சுற்றி வந்து தன்னைக் கேட்கவில்லை என்றும், குழாய் திடீரென்று விறைத்த பிறகுதான் பம்பு ஓடுவது தெரிந்தது என்றும் டாம் என்னிடம் சொன்னார்.

டாம்தான் எனக்குப் போன் செய்தார். "ரீஸ், வாடா. வந்துடுடா" என்றார். அதன் பிறகு நான் மின்பலகையின் மூடியை எடுத்து வைத்து ஒவ்வொரு திருகாக முறுக்கினேன். வெண்டி என் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு, "போதும்டா தம்பி, நான் முடிச்சுக்கறேன்" என்றார்.

மருத்துவமனையில் அவளை அடையாளம் காட்டினேன். சாவி கழுத்தில் இருந்தது. கயிறு இன்னும் காயவில்லை. வெட்டப்பட்ட பூட்டை, என்னை விசாரிக்கும் அதிகாரியான நீங்கள் காட்டினீர்கள். அது அவளுடையதுதான்.

அன்று மாலை கிராண்ட் மேஹ்யூ கூப்பிட்டார். "மனசைத் தேத்திக்கப்பா. அவ வீட்ல இருக்கான்னுதானே காலைல நீ சொன்ன? உன்மேல ஒரு குத்தமும் வராம நான் பாத்துக்கறேன்" என்றார். என் வாயிலிருந்து வந்தது எந்தச் சொல் என்று அப்போது எனக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. அதன் பிறகு வெண்டியிடம் கேட்டேன். "தண்ணிக்குள்ள இருக்கான்னுதான்டா சொன்ன. எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்றேன்" என்றார்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற எதுவுமில்லை. இதை எழுதும்போதும் கிராண்ட் மேஹ்யூ இரண்டு முறை கூப்பிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தத் தாளில் இருக்கிறது. என் போனை அணைத்துவிட்டேன்.

(ஒப்பம்) ரீஸ் ஹெய்ன்ரிச்