வெற்றுக் கோது

இங்கே தருகிற கோப்பி நன்றாக இருக்கிறது. நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் மெஷினிலிருந்து வருவது வெறும் சுடுதண்ணீர். நிறத்துக்காக எதையோ கலந்து விடுகிறார்கள்.

மொழிபெயர்க்க ஆள் கேட்டேன் என்று பொலிஸ் அதிகாரி ஐயா குறை நினைக்கக் கூடாது. இருபது வருடத்துக்கு மேலாக ஹோர்சன்ஸில் இருக்கிறேன், அவருடைய டேனிஷ் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் நான் சொல்லப்போவதில் ஒரு விஷயம், எங்கள் ஆட்களில் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவருக்கு விளங்காது. அதற்காகத்தான் இந்த ஜெனனிப் பிள்ளையை ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வரவழைத்து மினக்கெடுத்தினேன். பிள்ளை, நான் ஆறுதலாகச் சொல்கிறேன், நீங்களும் ஆறுதலாகச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் ரிவோல்வரைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொயின்ற் ட்டூ ட்டூ ரகம். நீளக் குழல், மரப்பிடி. எங்கள் சுடும் சங்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். சங்கம் பள்ளிக்கூடமொன்றின் நிலவறையில் நடக்கிறது. எண்ணெய் மணமும் கோப்பி மணமும் கலந்து கிடக்கும் இடம். தோட்டா சின்னது, சத்தமும் பெரிதில்லை. மூச்சைப் பாதியில் நிறுத்தி, கறுப்பு வட்டத்தைப் பார்த்து, விரலை மெல்ல இழுக்கிற அந்த நேரத்தில் வீட்டுக் கடனும் இல்லை, நாடும் இல்லை. எங்கள் ஊரில் துப்பாக்கி பிடித்தவன் யாரையாவது சுடத்தான் வேண்டும். இங்கே தாளைச் சுட்டுவிட்டுக் கேக் சாப்பிடலாம். இதைச் சொல்லி நான் சிரிக்கும்போதெல்லாம் சங்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த ரகத்தில் ஒரு கவனம் வேண்டும். உள்ளே இருக்கிற ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா அறை வெறுமையாக இருக்கும்போது விசையை இழுத்தால் ஊசி இரும்பில் போய் முட்டும்; இரண்டும் கெட்டுவிடும். அதனால் வீட்டில் கைப்பழக்கத்துக்கு இழுக்கிறவர்கள், ஏற்கெனவே வெடித்து முடிந்த வெற்றுக் கோதுகளை உள்ளே போட்டுக்கொள்வார்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வெற்றுக் கோதும் நல்ல தோட்டாவும் ஒன்றுபோலவே இருக்கும். வெடித்ததின் விளிம்பில் மட்டும் ஊசி பட்ட சின்ன வடு இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும். நான் கோதுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருந்தேன்.

நவரத்தினம் சங்கத்துக்கு என்னுடைய விருந்தாளியாக வரத் தொடங்கினார். என்னைவிட வயது குறைவு. அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மனைவி போன பிறகு தனி ஆள். அவருடைய மகள் சுஜீதாவும் என்னுடைய மகன் நிதுஷனும் ஒரே வகுப்பு. இலங்கையில் சமாதான ஒப்பந்தம் இருந்த காலத்தில் இரண்டு பேரும் வன்னிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கப் போகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். நவரத்தினம்தான் என்னுடைய வீட்டு சோபாவில் இருந்துகொண்டு, “விடுங்கோ அண்ணை, எங்கட சனத்தைப் பாக்கட்டும். நாங்கள் மறிச்சால் இஞ்ச ஆர் போறது?” என்றார். அவர் கதைத்தால் கேட்கத் தோன்றும். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போனார்கள். சமாதானம் முடிந்தது, பாதை பூட்டினார்கள், பிள்ளைகள் உள்ளே அகப்பட்டார்கள். அதற்காக எனக்கு நவரத்தினத்தில் கோபம் இல்லை. எழுதுங்கள், ஒரு நாளும் கோபம் இல்லை.

இந்த வருடம் தொடங்கியதிலிருந்து அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சங்கத்தில் சுட விட முடியவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் நான் ரிவோல்வரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அது சட்டத்துக்குப் பிழை, ஒப்புக்கொள்கிறேன். கோதுகளை நானே போட்டுக் கொடுப்பேன். சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்து இழுப்பார். கை கொஞ்சம் அடங்கும். ஒருநாள் அவர் குழலைத் தன் பக்கம் திருப்பி விசையை இழுத்தார். டிக் என்றது. “பயப்பிடாதேங்கோ அண்ணை, கோதுதானே. பிள்ளைக்கு ஏதுமெண்டால் நான் இருக்கமாட்டன். இப்பிடிச் செய்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறையுது,” என்றார். நான் உடனே அதை வாங்கி வைத்துவிட்டேன். பிறகும் அப்படிச் செய்தார். பிறகு பிறகு நான் வாங்கி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, கோதுதானே என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த கிழமையில்தான் அந்தப் போன் வந்தது. நீங்கள் கேட்கிற போன் அதுதான். ஓம், வந்தது. முதல் தடவை நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன், ஏனென்றால் என்னுடைய மனதில் அது ஒரு போனாக இருக்கவில்லை.

பகல் நேரம். மனைவி தவமலர் முதியோர் இல்லத்தில் வேலை. அழைத்தது சுஜீதா. அகதி முகாமில் யாரோ ஒருவருடைய போனை இரந்து வாங்கியிருக்கிறாள். தகப்பனுடைய கைத்தொலைபேசி நம்பர் மறந்துபோய்விட்டது, எங்கள் வீட்டு நம்பர் மட்டும் நினைவில் நின்றது. நிதுஷன் அவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தானாம். டேனிஷில் மளமளவென்று கதைத்தாள். உயிரோடு இருக்கிறாள், காலில் சின்னக் காயம், தண்ணீர் கிடைக்கிறது. நான் நிதுஷனைப் பற்றிக் கேட்டேன். அதுவரைக்கும் டேனிஷில் கதைத்த பிள்ளை அந்த ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள். “நிதுவுக்குக் காயம், மாமா.”

எங்கே காயம் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள்.

ஜெனனிப் பிள்ளை, இதைத்தான் நீங்கள் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் சாவைப் போனில் சொல்வதில்லை. காயம் என்பார்கள், கடுமை என்பார்கள். உள்ளதைச் சொல்வதென்றால் ஆள் நேரில் வரும். வந்து, சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்கும். நல்ல செய்தி என்றால் உடனே போன் அடிப்போம். கெட்ட செய்திக்குத்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவோம். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வாசலில் வந்து நின்றால் வாய் திறக்கவே தேவையில்லை. ஐயா இதை எழுதி முடிக்கும்வரை நான் இருக்கிறேன்.

சுஜீதா அழுதுகொண்டே, “அப்பாவுக்கு உடன சொல்லுங்கோ மாமா, அவர் செத்துப்போவார்,” என்றாள். நான், “நேரில போய்ச் சொல்லுறன் பிள்ளை,” என்றேன். அவள் இங்கே வளர்ந்த பிள்ளை. நேரில என்ற அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை.

போனை வைத்தேன். பிறகு ரிவோல்வரைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தைத் திறந்தேன். கோதும் தோட்டாவும் ரின்னில் கலந்து கிடந்தன, பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். கலந்து கிடக்கவில்லை. என்னுடைய சாமான்கள் ஒருநாளும் கலந்து கிடப்பதில்லை. குசினி மேசையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டேன். ஒன்றிலும் வடு இல்லை.

தவமலருக்குச் சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு முன்னால் இன்னொருவரிடம் போனது எனக்கும் கொஞ்சம் வினோதமாகத்தான் இருந்தது. வழியெல்லாம் வயலில் மஞ்சள் பூ. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினேன்.

கதவைத் திறந்த நவரத்தினம் என்னுடைய முகத்தைப் பார்த்தார். என்னுடைய கையில் இருந்த ரிவோல்வர்ப் பெட்டியைப் பார்த்தார். சனிக்கிழமை இல்லை. நான், “சாப்பிட்டீரோ நவம்?” என்றேன். அவர் அப்படியே சோபாவில் இருந்துவிட்டார். “ரெண்டு பேருமோ?” என்று கேட்டார். நான் அழத் தொடங்கினேன். என்னுடைய அழுகை உண்மையான அழுகை, ஐயா. என்னுடைய பிள்ளை செத்து அரைநாள்கூட ஆகவில்லை, எனக்கு. நான் அவருக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவரே கேட்டு, அவரே விளங்கிக்கொண்டார்.

சுஜீதா இருக்கிறாள் என்று நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் துள்ளி எழும்பியிருப்பார். அது எனக்குத் தெரியும். என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். பிறகு நிதுஷனைக் கேட்டிருப்பார், எனக்காக அழுதிருப்பார். அந்த அழுகைக்குள்ளே ஒரு சந்தோஷம் ஒளித்திருக்கும். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? என்னால் முடியாது. யாராலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். கை அடங்கட்டும் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். கேத்திலில் தண்ணீர் பிடித்தேன். அவர் தானே எடுத்தார். இருக்கமாட்டேன் என்று முதலே சொன்னவர் அவர்தான். அவருடைய சொல்லை அவர் காப்பாற்றினார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அவரில் கோபம் இல்லை என்று முதலே சொன்னேன்.

சுஜீதா நாளைக்கு பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள் என்கிறீர்கள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறாளாம். நியாயமான கேள்வி. அதை அவளுக்குப் போனில் சொல்லாதீர்கள், ஐயா. இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

நவம் வாழப் போகிற ஆள்போலத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இப்போதும் விளங்கவில்லை. கேத்தில் இரையத் தொடங்கியிருந்தது, அதற்கு மேலால் குரல் கேட்டது. எப்போதும்போல, பாரம் குறைய ஒருமுறை இழுத்துப் பார்க்கிறவருடைய குரல்.

“அண்ணை, கோதுதானே?”

நான் குசினியிலிருந்து, “ஓம்,” என்றேன்.