மூணாவது மாடிக் கூடம்

மிருனா: ...கேக்குதா? டோரின்? உள்ள வந்துட்டேன்.

டோரின்: கேக்குது அக்கா. பட்டனை அழுத்திட்டு ஒரு மூச்சு விட்டுப் பேசு. முதல் வார்த்தைய முழுங்கிருது.

மிருனா: சின்னப் பசங்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு இந்த வாக்கி டாக்கி.

டோரின்: இந்தப் பள்ளத்தாக்குல போனுக்கு சிக்னலே கெடைக்காதே. வேற என்ன செய்ய? சொல்லு, எந்த வழியா நுழைஞ்ச?

மிருனா: பெரிய வாசல்தான், வெளிய அத்தனை படியும் ஏறி. பலகை அடிச்சு வச்சிருந்தாங்க, ஒண்ணு விலகிக் கிடந்துச்சு. ஆணியில மாட்டி கோட்டு கிழிஞ்சு போச்சு.

டோரின்: கிழிஞ்சாத்தான் கணக்கு. அதான் நுழைவுக் கட்டணம்.

மிருனா: நீ பேசுவ. கார்ல கதகதன்னு உக்காந்துக்கிட்டு, அம்மா குடுத்த டீயும் குடிச்சுக்கிட்டு...

டோரின்: மாமாவோட டாச்சியா வண்டி ஹீட்டர்ல எங்க கதகதப்பு? சரி, என்ன வாடை அடிக்குது?

மிருனா: வாடையா? என்ன தெரியுதுன்னு கேப்பன்னு நெனச்சேன்.

டோரின்: கண்ணு அப்புறம். ஆளுங்க விட்டுட்டுப் போன இடம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாடை இருக்கு. நெசவு மில்லுன்னா எண்ணெய். பள்ளிக்கூடம்னா எத்தனை வருஷம் ஆனாலும் சாக்பீஸும் ஈர ஷூவும்தான். கண்ண கட்டி விட்டாக்கூட நான் சொல்லிருவேன்.

மிருனா: இரு... ஈரம். சுண்ணாம்பு. அப்புறம்... ச்சீ, அழுகுன முட்டை.

டோரின்: கந்தகம் அது. கீழ ஊத்து இன்னும் ஓடுது. ஹோட்டல மூடினவங்க ஊத்த மூட மறந்துட்டாங்க.

மிருனா: இந்த நாத்தத்துல குளிக்கவா ரயில் பிடிச்சு வந்தாங்க?

டோரின்: முட்டிக்கு நல்லது. நாடு பூரா இருந்து நொண்டிக்கிட்டு வருவாங்களாம்.

மிருனா: அப்ப நீயும் ஒரு ரூம் போட்டிருக்கலாம்... டேய், சும்மா சொன்னேன். வாய் தவறி...

டோரின்: பரவால்ல. நானும் அதையேதான் நெனச்சேன். நீ முந்திக்கிட்ட.

மிருனா: ...சரி. எங்க போகட்டும் இப்ப?

டோரின்: சுத்தி என்ன இருக்குன்னு முதல்ல சொல்லு.

மிருனா: நேரா ஒரு பெரிய மேசை, வர்றவங்களுக்குச் சாவி குடுக்குற இடம் போல. இடது பக்கம் கோட்டு மாட்டுற அறை. வரிசையா கொக்கி, ஒவ்வொண்ணுலயும் பித்தளை நம்பர். வலது பக்கம் மாடிப்படி. கல்லு படி. பெருசு.

டோரின்: கல்லா? நல்லது. கல்லு ஏமாத்தாது. மரமும் இரும்பும்தான் ஏமாத்தும்.

மிருனா: அது தெரிஞ்சவன் சக்கரை ஆலையில எதுக்குடா அந்த இரும்புத் தட்டு மேல கால் வச்ச?

டோரின்: அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருந்துச்சு.

மிருனா: கதவா?

டோரின்: சாத்தியிருந்துச்சு. உள்ள என்னன்னு பாக்கணும்ல.

மிருனா: அதுக்காகவா ஒருத்தன் இடுப்ப ஒடைச்சுக்குவான்?

டோரின்: உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்பவும் தெரியல. இடுப்ப விட அதுதான் அதிகமா வலிக்குது... ஏறுறியா?

மிருனா: ஏறுறேன், ஏறுறேன். இரு.

டோரின்: சுவத்த ஒட்டி நட. நடுவுல கால் வைக்காத.

மிருனா: சுவத்த ஒட்டித்தான் இருக்கேன். நீ பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னா எனக்கு என்னமோ பண்ணுது.

டோரின்: பயமா?

மிருனா: எனக்கா? குளிருதுடா... ஏதாவது சொல்லு. நீ போன இடத்துலயே எது ரொம்பப் பிடிச்சது? நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

டோரின்: கேட்டிருக்க. ‘உனக்கு வேற வேலை இல்லையா’ன்னு கேட்டிருக்க.

மிருனா: அது வேற. சொல்லுடா.

டோரின்: ஒரே இடம்னு சொல்ல முடியாது. வகை வகையா இருக்கு. ஆலைன்னா பிரம்மாண்டம், ஆனா அங்க ஆளுங்களோட முகம் தெரியாது. ரயில் நிலையம்னா அமைதி. தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க, பெஞ்சு மட்டும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு தடவை ஒரு முயல் வந்து நடைமேடையில உக்காந்துச்சு, வண்டிக்குக் காத்துக்கிட்டிருக்க மாதிரி.

மிருனா: வீடு?

டோரின்: வீட்டுக்குள்ள போக மாட்டேன். ஒரே ஒரு தடவை போனேன். படுக்கை விரிச்சபடி இருந்துச்சு, தலையணையில ஒரு பள்ளம். மன்னிச்சிருங்கன்னு சத்தமாச் சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

மிருனா: யாருகிட்ட சொன்ன?

டோரின்: தலையணைகிட்ட.

மிருனா: லூசு... ஏண்டா, உனக்கு மூச்சு வாங்குது?

டோரின்: டீ. சூடு. ஊதி ஊதிக் குடிக்கிறேன்.

மிருனா: இன்னுமா சூடா இருக்கு?

டோரின்: அம்மாவோட பிளாஸ்க்கு அது... எங்க இருக்க இப்ப?

மிருனா: ம்... முதல் மாடி.

டோரின்: எப்படி இருக்கு?

மிருனா: நீளமா ஒரு நடை. ரெண்டு பக்கமும் கதவு. கம்பளம் ஊறிப்போய் பாசி பிடிச்சுக் கிடக்கு. பச்சப் பசேல்னு.

டோரின்: பாசியா, கம்பளமான்னு பிரிச்சுச் சொல்ல முடியுதா?

மிருனா: கம்பளமா இருந்தது இப்ப பாசி. போதுமா?

டோரின்: போதும். நல்லாச் சொல்ற. கதவுல எது சாத்தியிருக்கு?

மிருனா: உனக்கு இன்னும் புத்தி வரல பாரு. எல்லாம் திறந்துதான் கிடக்கு... நீ சினிமாக் கொட்டகை பத்திச் சொல்லலையே. அதுதான ரொம்பப் பிடிக்கும்னு யாருகிட்டயோ சொல்லிக்கிட்டிருந்த?

டோரின்: அது சுரங்க ஊரு ஒண்ணுல. சுரங்கம் மூடினாங்க, ஊரும் மூடிருச்சு. கொட்டகையில நாற்காலி எல்லாம் மடங்கி நிக்குது, அந்தக் காலத்து வகை, எந்திரிச்சா தானா மேல மடங்கிக்கும்ல... அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் மடங்கல.

மிருனா: ஐயோ. யாரு?

டோரின்: யாரும் இல்ல. ஸ்பிரிங்கு போயிருச்சு. ஆனா பாத்த உடனே அது தோணாதுல்ல? யாரோ இப்பத்தான் வெளிய போயிருக்காரு, திரும்பி வருவாருன்னுதான் தோணுச்சு. நான் அவரு பக்கத்துச் சீட்டுல உக்காந்து வெள்ளைத் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மிருனா: என்ன தெரிஞ்சுச்சு?

டோரின்: திரைதான். ஆனா அதுக்குத்தான் அக்கா போறேன். கடைசிக் காட்சி முடிஞ்சு ஒருத்தர் விளக்க அணைச்சிருப்பாருல்ல? அவருக்கு அது கடைசின்னு தெரியுமா? தெரிஞ்சா ஒரு நிமிஷம் நின்னிருப்பாரா? அது தெரிஞ்சுக்கணும் எனக்கு.

மிருனா: தெரிஞ்சு என்ன செய்வ?

டோரின்: ஒண்ணும் இல்ல. அடுத்த இடத்துக்குப் போவேன்.

மிருனா: ...என்னடா அது? கல்லு நெறிபடுற மாதிரி சத்தம்.

டோரின்: சூரியகாந்தி விதை. கொறிச்சுக்கிட்டிருக்கேன்.

மிருனா: கார்ல தொலி போட்டன்னா கொன்னுருவேன். மாமா வண்டி அது.

டோரின்: போடல, போடல... ரெண்டாவது மாடி வந்துச்சா?

மிருனா: வந்துட்டேன்.

டோரின்: இவ்வளவு சீக்கிரமாவா?

மிருனா: நீ கொட்டகையில உக்காந்திருந்தப்ப நான் ஏறிக்கிட்டிருந்தேன். இங்க குளிக்கிற அறை எல்லாம். நீல ஓடு. தொட்டி ஒவ்வொண்ணும் சின்னப் படகு மாதிரி இருக்கு.

டோரின்: தொட்டி ரெண்டாவது மாடியிலயா? ஊத்துக்குப் பக்கத்துல கீழதான வச்சிருப்பாங்க?

மிருனா: ...பணக்காரங்களுக்கு மேல வச்சிருப்பாங்க. எனக்கென்ன தெரியும், நானா கட்டினேன்?

டோரின்: கோவப்படாத. படம் எடுத்தியா?

மிருனா: வெளிச்சம் பத்தல. வந்து சொல்றேனே, அது போதாதா?

டோரின்: போதும்... அக்கா, மூணாவது மாடிதான் முக்கியம். அங்க ஒரு நடனக்கூடம் இருக்குன்னு பேச்சு. இந்த மாதிரி பாழடைஞ்ச இடமாச் சுத்துற எங்க கூட்டத்துலயே யாரும் பாத்ததில்ல. நான் கடைசியாப் பாக்கலாம்னு மிச்சம் வச்சிருந்தேன்.

மிருனா: திங்கக்கிழமை இடிக்க வர்றவன் பாப்பான்.

டோரின்: அவன் பாக்க மாட்டான். இடிப்பான்... இங்க பாரு, என் ரேடியோவுல பேட்டரி இறங்கிருச்சு. பேசினா சீக்கிரம் போயிரும், கேட்டா போகாது. இனி நான் பேசல. நீ விடாமச் சொல்லிக்கிட்டே வா. பட்டன விட்டுறாத. ஒண்ணையும் விடாம.

மிருனா: நான் தனியாப் பேசிக்கிட்டிருக்கணுமா?

டோரின்: நான் தலையணைகிட்டயே பேசியிருக்கேன். பேசு.

மிருனா: சரி. ஏறுறேன்... இந்தா, காலடி கேக்குதா? ஒண்ணு... ரெண்டு... படி இங்க குறுகலா இருக்கு. கைப்பிடி ஆடுது, நான் தொடல... ஏறிட்டேன். பெரிய கதவு. ரெட்டைக் கதவு. கனமா இருக்கு, இரு, தோளால தள்ளுறேன்... ம். டோரின், நீ இதப் பாக்கணும்டா. கூரையில ஓவியம். அன்னப்பறவைங்க. பாதி உதிர்ந்து போச்சு. சிலதுக்குக் கழுத்து இல்ல, சிலதுக்கு இறக்கை மட்டும்தான். ஜன்னல் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல. மழைத்தண்ணி உள்ள நின்னு தரை பூரா கண்ணாடி. நடுவுல வெள்ளைப் பட்டையோட ஒரு பூர்ஜ மரம், தரையப் பிளந்துக்கிட்டு வந்து நிக்குது, மஞ்ச இலையோட... ஏதோ பலகை ஆடுது கீழ. காத்து போல. இங்க வரைக்கும் கேக்குது... எங்க விட்டேன்? மரம். மரத்துக்குப் பின்னால வாத்தியக்காரங்க உக்கார்ற மேடை. தரையில பெயின்ட்ல பாதம் வரைஞ்சிருக்காங்க. இடது, வலது, இடது. ஆடத் தெரியாதவங்களுக்கு. முட்டி வலிக்காரங்கதான, கத்துக் குடுத்திருப்பாங்க. ஊருக்குப் போறதுக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் இங்கதான் ஆடியிருக்கணும். எப்படித் தெரியும்னு கேளு. மூலையில கம்பு. கக்கத்துல வச்சு நடக்குற கம்பு, உன்னது மாதிரியே. சுவத்துல வரிசையாச் சாய்ச்சு வச்சிருக்காங்க. எடுத்துக்கிட்டுப் போக யாருக்கும் தோணல... கேக்குதாடா? நீ பதில் சொல்ல வேணாம். பேட்டரி போயிரும். நான் ஒண்ணு சொல்றேன். நீ கேள்வி கேக்கறதையே விட்டுட்ட. ரெண்டு வருஷமா. இன்னைக்கு என்ன சமையல்னுகூட நீ அம்மாகிட்ட கேக்கல. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டிருந்த. போன வாரம் திடீர்னு, அந்தக் கந்தக ஊத்து ஹோட்டல் இன்னும் நிக்குதான்னு கேட்ட. அம்மா குளிக்கிற அறைக்குப் போய்த் தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதாங்க. அதான் நான் போறேன்னு சொன்னேன். நீ வண்டியில ஏறுவன்னா நான் எங்க வேணாலும் போவேன். எனக்கு இந்த மாதிரி இடம்னாலே... அந்த ஆலையில உன்னை வெளிய தூக்கிட்டு வந்தப்ப வாசல்ல நின்னவ நான். அதுக்கப்புறம் பாழடைஞ்ச சுவரப் பாத்தாலே எனக்குக் கால் நகராது. சரி, அத விடு. நீ கேளு. இன்னும் என்ன வேணும்? கேட்டுக்கிட்டே இரு, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்... டோரின்?

மிருனா: டோரின், ஒரு தடவை ம்னு சொல்லு. பேட்டரி போனாப் போகுது.

மிருனா: டோரின்... விளையாடாத. இரு, இறங்கி வரேன். ஓடி வரேன்...

டோரின்: ஓடாத அக்கா. அப்படியே திரும்பு.

மிருனா: ஐயோ, நீயா?

டோரின்: ம்.

மிருனா: நீ... வாசல்ல அவ்வளவு படி இருக்கேடா. எப்படி...

டோரின்: உக்காந்து உக்காந்து, பின்பக்கமா. கம்பை முதல்ல மேல எறிஞ்சிருவேன், அப்புறம் நான். கம்பு பிடிச்சா பட்டன் அழுத்தக் கை இல்ல, அதான் பேட்டரி போச்சுன்னேன். டீயும் இல்ல, விதையும் இல்ல. நீ உள்ள போனதுமே கார்ல இருந்து இறங்கிட்டேன்.

மிருனா: விழுந்திருந்தா?

டோரின்: விழுந்தேன். ரெண்டு தடவை. யாரும் பாக்கல, அதனால கணக்கு இல்ல.

மிருனா: அடப்பாவி... எப்ப இருந்துடா இங்க நிக்கிற?

டோரின்: நீ இந்தக் கோட்டு மாட்டுற அறையில நாற்காலிய விட்டு எந்திரிக்காம, காலை மட்டும் தரையில தட்டித் தட்டி மூணாவது மாடியில இடது, வலது, இடதுன்னு பாதம் வச்சியே... அப்ப இருந்து.