லட்டுவின் காலை ஊசி

பூனைக்கும் சர்க்கரை வியாதி வரும் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. லட்டு என்று பெயர் வைத்தபோது அதற்கு வியாதி இல்லை. வந்த பிறகு பெயரை மாற்றலாம் என்றால் என் மனைவி சிந்துஜா கேட்கவில்லை. காலையும் மாலையும் அது தட்டில் முகத்தைப் புதைத்துத் தின்னும்போதே, பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து இன்சுலின் ஊசியைப் போட்டுவிடுவாள். அது திரும்பிக்கூடப் பார்க்காது.

என் பெயர் அன்பரசு. கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. விபத்து நடந்தால் யார் தவறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, தினமும் செய்கிற காரியத்தை மனிதன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான். ஒரு வால்வை ஒழுங்காக மூடியவனிடம் போய், "மூடுனது ஞாபகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இன்று மூடியதும் நேற்று மூடியதும் அவன் தலைக்குள் கலந்துவிடும். "மூடுனேன் சார்" என்று ஆரம்பித்தவன், "மூடியிருப்பேன் சார்" என்று முடிப்பான். அதற்குப் பிறகு நிர்வாகத்துக்குத் தலைவலி இல்லை.

ஷிப்ட் இருக்கும் நாட்களில் கடலூரில் ஓர் அறையில் தங்குவேன். மற்ற நாட்களில் சிதம்பரம் வீடு. சிந்துஜா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. முதல் மாதம் பயிற்சி, விடுதியில் தங்க வேண்டும், பூனைக்கு அனுமதி கிடையாது. பயிற்சியின் நடுவில் ஊருக்குக் கிளம்பினால் வேலை போய்விடும். முடித்துவிட்டால் அங்கேயே வீடு எடுத்து லட்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

நான் ஒன்றும் பெண்டாட்டியைப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை. "தாராளமா போயிட்டு வா" என்றேன். கேக் வாங்கி வந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டுமே என்று சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது அவள் ஐதராபாத் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சில் பால்கனி வந்தது, லட்டு விழுந்துவிடாமல் இருக்க வலை வந்தது. "நீங்க லீவு கெடைக்கறப்போ வாங்க" என்று கடைசியில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினாள். பாண்டிச்சேரியில் பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் விட்டுவிடலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கூண்டுக்குள் போட்டால் லட்டு சாப்பிடாதே, சாப்பிடாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நியாயமான கேள்விதான்; அந்தப் பேச்சு அதோடு நின்றது. அவளிடம் படித்த சுவேதா என்ற பெண் முன்வந்தாள். "ஊசி போட்டப்புறம் மயங்கி வுழுந்துச்சுன்னா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். பரீட்சை இருக்கிறது என்று அவள் நழுவிவிட்டாள். சிந்துஜாவின் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கீழ்வீட்டுத் தைலம்மாள் அத்தை மாடிப்படியேறி வந்தார். எங்கள் வீட்டுக்காரர் சின்னையன் மாமாவின் மனைவி. மாமாவுக்கும் சர்க்கரை, கையும் நடுங்கும். வருஷக்கணக்காக அவருக்கு இன்சுலின் போடுவது அத்தைதான்.

"மனுசனுக்கே போடறேன், பூனைக்குப் போட மாட்டனா? நீ பொட்டிய கட்டும்மா" என்றார்.

"பூனையாவது ஒழுங்கா ஊசி போட்டுக்கும். என்கிட்டதான் இவளுக்குப் பாடு ஜாஸ்தி, மாப்ள" என்று மாமா கீழிருந்து சத்தம் கொடுத்தார்.

அத்தையிடம் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. சிந்துஜா ரயிலேறினாள்.

அத்தை கச்சிதமாகப் பார்த்துக்கொண்டார். முதலில் மாமாவுக்கு, பிறகு மேலே வந்து லட்டுவுக்கு. சிந்துஜா போனில் பேசும்போதெல்லாம் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். லட்டு சாப்பிட்டதா என்று கேட்பாள், அத்தையின் முழங்கால் வலியை விசாரிப்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்துபோவாள். இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வண்டியில் சிதம்பரம் வந்தேன். வாசலில் கோலத்தைத் திருத்திக்கொண்டிருந்த அத்தை, "இப்பதான் லட்டுக்குப் போட்டுட்டு எறங்கறேன் தம்பி. நல்லா சாப்புட்டுச்சு" என்றார். நான் மேலே போய்க் குளித்துவிட்டு, கீழ வீதிக்கு டிபன் சாப்பிடப் போனேன். பொங்கல் சாப்பிட்டு, காபி குடித்து, ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, உங்க கதவு தெறந்தே கெடந்துச்சு. சாத்தலாம்னு போனேன். லட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்குது. சீக்கிரம் வாங்க."

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அத்தை அதைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார். எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, பயப்படாதீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையில ஒரு தடவதான் போட்டீங்களா? போட்டது ஞாபகம் இருக்கா?"

"ஒரு தடவதான் தம்பி. மாமாவுக்குப் போட்டேன், மேல வந்தேன், இதுக்குப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "போட்டுட்டுக் கீழ போயி, மறுபடி வந்தனா? ஒரு தடவதான் போட்டிருப்பேன்."

மருத்துவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வயதானவர்களிடம் இது சகஜம் என்றார்.

குளித்துவிட்டு வந்து இரண்டாவது ஊசியைப் போட்டவன் நான். அதன் தட்டில் மீதி இருந்த சாப்பாட்டையும் எடுத்து உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தாமல் போனதும் தெரிந்தேதான். யாராவது சீக்கிரம் பார்க்க வேண்டும் அல்லவா? பூனை சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. செத்துவிட்டால் அவளுக்கு இங்கே திரும்பி வர என்ன இருக்கிறது?

சிந்துஜாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஆனால் கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது. வீடியோவில் கூப்பிட்டு, காலில் ஊசி செருகப்பட்டுக் கிடந்த லட்டுவைக் காட்டினேன். "நீ வராதே, நான் பாத்துக்கறேன், வேலைதான் முக்கியம்" என்று பலமுறை சொன்னேன். அவள் அடுத்த ரயிலில் வந்துவிட்டாள். வேலை போயிற்று; பழைய கல்லூரியிலேயே மறுபடி தற்காலிகமாகச் சேர்ந்தாள். அத்தையை அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, கட்டிப்பிடித்து அழுதாள். எங்கள் வீடு பழையபடி ஆனது. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கீழ்வீட்டில்தான் ஒரு சிறு சிக்கல். சிந்துஜா கல்லூரிக்குப் போன பிறகு அத்தை படியில் நின்று என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, மாமாவுக்கு ஊசி போட்டனா? நீங்க பாத்தீங்களா?"

"போட்டேடி, போட்டே" என்பார் மாமா.

"இவருக்கு என்னா தெரியும்? சாப்புட்டதையே மறந்துட்டு மறுபடி சோறு கேக்கறாரு."

நான் தெரிந்ததைச் சொன்னேன். "சந்தேகமா இருந்தா போடாதீங்க அத்தை. ஒரு வேளை வுட்டா ஒண்ணும் ஆயிடாது. ரெண்டு தடவ போட்டாதான் ஆபத்து. லட்டுவப் பாத்தீங்கல்ல?" எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இதில் தவறு கிடையாது. அத்தைக்குத்தான் சந்தேகம் தினமும் வர ஆரம்பித்தது.

"சிந்துஜாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. என்னால வேலைய வுட்டுட்டு வந்த பொண்ணு" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். சொல்லியிருந்தால் அவள் கீழே போய் மாமாவுக்கு ஊசி போட்டிருப்பாள். ஆனால் கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை நான்.

மாமாவின் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. பிறகு சுருண்டு படுத்தார், பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வரவழைத்தது நான்தான். சர்க்கரை பல வாரமாகக் கட்டுக்கடங்காமல் ஏறியிருக்கிறது, ஊசியே போடவில்லையா என்று அங்கே கேட்டார்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு நாளில் மாமா போய்விட்டார். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

கருமாதி அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு நீங்க கேட்டது நல்லதாப் போச்சு தம்பி. இல்லன்னா அவருக்கும் ரெண்டு தடவ போட்டு என் கையாலயே கொன்னுருப்பேன்."

ஒரே வாக்கியத்தில் அந்தப் பாரத்தை இறக்கியிருக்கலாம். சொன்னால் மாமா எழுந்து வரப்போவதில்லை. என் குடும்பம்தான் கெடும். "மனச தேத்திக்குங்க அத்தை" என்றேன்.

போன மாதம் சிந்துஜாவுக்குச் சென்னையில் ஒரு நேர்முகத்தேர்வு வந்தது. லட்டுவுக்கு ஊசி போட்டு, தட்டைக் கழுவி வைத்து, புடவை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். வாசற்படி வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, லட்டுக்கு நான் ஊசி போட்டனா?"

நான் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, அவள் போட்டதை முழுசாகப் பார்த்திருந்தேன்.

"கவனிக்கலயே சிந்து. உனக்கு ஞாபகம் இல்லியா?"

அவள் தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பூனையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நானேதான் இரண்டு தடவை சொன்னேன். அவளைப் போகவிடாமல் தடுத்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.